பியன்சா: சரிவின் விளிம்பில் ஒரு சதுக்கம்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், குன்றொன்றின் மேல் கோர்சிஞானோ என்னும் சிற்றூர் இருந்தது. 1405ஆம் ஆண்டு அங்குப் பிறந்தவர் எனெயா சில்வியோ பிக்கொலோமினி. கவிஞராகவும் தூதராகவும் ஐரோப்பிய அரசவைகளில் பழகிய இவர், 1458இல் இரண்டாம் பயஸ் என்னும் பெயருடன் திருத்தந்தையானார். மறு ஆண்டு ஊர் திரும்பியபோது, தம் வயதொத்தோருள் பலர் மறைந்திருக்கவும் எஞ்சியோர் மூப்பால் தளர்ந்திருக்கவும் கண்டார். அங்கு ஒரு பேராலயமும் தம் குடும்பத்திற்கு ஒரு மாளிகையும் எழுப்பத் துணிந்தார். ஃபுளோரன்சைச் சேர்ந்த கலைஞர் பெர்னார்டோ ரொசெல்லினோ அப்பணியை ஏற்றார்.

கிடைத்த இடமோ சிறிது. தெற்கே பேராலயம், மேற்கே பிக்கொலோமினி மாளிகை, கிழக்கே ஆயர் இல்லம், வடக்கே நகர மன்றம் எனக் கட்டடங்கள் சூழ்ந்த அவ்வெளியைச் சதுக்கம் என்கிறோம். ஆனால், அதன் வடிவம் சரிவகம். ஆலயத்தை நெருங்க நெருங்க இருபுறக் கட்டடங்களும் விலகிச் செல்கின்றன. அதனால் ஆலயத்தின் இருமருங்கிலும் உண்டாகும் இடைவெளி வழியே தொலைவிலுள்ள பள்ளத்தாக்கு தெரிகிறது. நகரின் நடுவே நிற்பவரும் வயல்வெளியைக் காணலாம்!

மாளிகை மூன்று புறமும் உறுதியான கல்முகப்புக் கொண்டது. தென்புறம் மட்டும் மூன்றடுக்குத் தூண் தாழ்வாரமாகத் திறந்துள்ளது. கீழே தோட்டம், அதன் அடியில் குதிரை லாயங்கள், அப்பால் ஓர்சியா பள்ளத்தாக்கும் அமியாட்டா மலையும். இயற்கைக் காட்சியைக் கண்டு மகிழ்வதற்கென்றே ஒரு மாளிகையின் முழுப்பக்கத்தையும் ஒதுக்கியது அக்காலத்தில் புதுமை.

செலவு, முதலில் மதிப்பிட்டதைப் பன்மடங்கு கடந்து 50,000 டுகாட் பொற்காசுகளுக்கும் மேலாயிற்று. ரொசெல்லினோவின் மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. அஞ்சி வந்து நின்ற கலைஞரைத் திருத்தந்தை கடிந்துகொள்ளவில்லை. உண்மைச் செலவை முன்னரே கூறியிருந்தால் தாம் இசைந்திருக்கமாட்டார் என்றும், இவ்வழகிய கட்டடங்கள் எழுந்திரா என்றும் சொல்லிப் பாராட்டி, 100 டுகாட்டும் செந்நிற மேலாடையும் பரிசளித்தார். பிறர் பணத்தைக் கையாள்வோர்க்கு இது முன்மாதிரியாகுமா என்பது வேறு வினா.

1462இல் ஊர், பயஸின் பெயரால் பியன்சா எனப் பெயர் மாற்றப்பெற்றது. ஈராண்டில் அவர் மறைந்தார். 1996இல் யுனெஸ்கோ அதன் பழைய நகர்ப்பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பேராலயத்தின் கதை இன்னும் முடியவில்லை. பலிபீடம் கிழக்கு நோக்கி அமைவதே பொது வழக்கு. இங்கோ அது தெற்கே, சரிவின் விளிம்பில் உள்ளது. உயர்ந்த சாளரங்கள் வழியே ஒளி வெள்ளமாய் உட்புகுகிறது. ஆனால், அடியிலுள்ள நிலம் உறுதியற்றது. கட்டும்போதே சுவரில் விரிசல் கண்டது. பின்வந்த நூற்றாண்டுகளிலும் பழுதுபார்ப்பு தொடர்ந்தது. வாயிலில் நின்று நோக்குவோர்க்குத் தரை பலிபீடத்தை நோக்கிச் சரிந்திருப்பது இன்றும் புலப்படும்.