வெட்டி எறிந்த குறியீடுகள்

அன்புள்ள தமிழினி,

ஒளியிழை ரிசீவர் பற்றிய உன் செயல்திட்ட அறிக்கை வந்து சேர்ந்தது. வரைபடங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் முடிவுகள் பகுதியில், கண்ணில் படாத சின்ன எழுத்தில், முதல் 5000 குறியீடுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். போனில் கேட்டபோது, "ரிசீவர் செட்டில் ஆகும்வரை வருவதெல்லாம் குப்பைதானே சார், எல்லாரும் வெட்டித்தானே விடுகிறார்கள்?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் பாடம் நடத்தினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

எல்லாரும் வெட்டுகிறார்கள், சரிதான். பாடப்புத்தகங்களும் இதற்கு உடந்தை. ஒளி டயோடில் விழும், மின்னோட்டம் பிறக்கும், பெருக்கி அதைப் பெருக்கும், கடைசிப் பெட்டி 0 அல்லது 1 என்று தீர்ப்புச் சொல்லும். அம்புக்குறி போட்ட நான்கு பெட்டிகள். அந்தப் படத்தில் நேரம் என்ற ஒன்றே கிடையாது. ரிசீவர் என்றைக்கும் ஓடிக்கொண்டே இருந்தது, இனியும் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற பாவனை. அது எப்படித் தொடங்கியது என்று கேட்கும் மாணவரை இதுவரை நான் அதிகம் பார்த்ததில்லை. நீயும் கேட்கவில்லை, வெட்டினாய்.

'வெளிச்சம் வந்துவிட்டால் இணைப்பு வந்துவிட்டது' என்ற நம்பிக்கை பொறியாளர்களிடம்கூட இருக்கிறது. வீட்டு ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம், வந்து விழும் ஒளியின் திறன் ஒரு வரம்புக்கு மேலே இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். நெடுந்தொலைவுத் தடத்தில் அந்தச் சாட்சியையும் நம்ப முடியாது. வழிநெடுக எர்பியம் பெருக்கிகள் இருக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டிரான்ஸ்மிட்டர் செத்துக் கிடந்தாலும் அவை தம் சொந்த இரைச்சல் ஒளியை உமிழ்ந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் டயோடு நிம்மதியாக 'ஒளி இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

தொடங்குவது என்றால் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சடங்கு என்றும் நினைத்துவிடாதே. அதே வீட்டுப் பெட்டியின் எதிர்முனையைப் பார். ஜி.984 தரத்தில், பல வீடுகள் ஒரே இழையில் முறைவைத்து நிலையத்துக்கு ஒளியைத் துண்டு துண்டாக அனுப்புகின்றன. பக்கத்து வீட்டின் துண்டு பலமாக வரும், 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பது மெலிந்து வரும். இரண்டுக்கும் திறனில் முப்பது மடங்குக்கு மேலும் வேறுபாடு இருக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் நிலையத்து ரிசீவர் புதிதாகத் தொடங்க வேண்டும். வீட்டிலிருந்து மேலே போகும் வேகம் விநாடிக்கு 1.244 கிகாபிட். துண்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளி, முன்னோட்டம், எல்லைக்குறி எல்லாம் சேர்த்துக் கிடைப்பது 96 பிட், அதாவது 77 நானோவிநாடி. அந்த நேரத்தில் ஒளி இழைக்குள் சுமார் 16 மீட்டர்தான் போகும். அதிலும் பெருக்கத்தைச் சரிசெய்து கடிகாரத்தைப் பிடிக்க உதவும் முன்னோட்டம் 44 பிட் மட்டுமே. விநாடிக்கு 8000 சட்டகங்கள், சட்டகத்துக்குப் பல வீடுகள். உன்னைப்போல் 5000 குறியீடுகளை வெட்டி எறிய அந்த ரிசீவருக்கு வசதி இல்லை அம்மா.

இனி உன் விஷயம். நீ எழுதியிருப்பது கோஹெரன்ட் ரிசீவர், வரும் ஒளியைத் தன் சொந்த லேசரோடு கலந்து கட்டத்தையும் படிப்பது. விநாடிக்கு 32 கிகா குறியீடுகள், ஒளியின் இரண்டு அதிர்வுத் திசைகளிலும் தனித்தனித் தரவு, 1000 கிலோமீட்டர் சாதாரண இழை. பவரைப் போட்டவுடன் அதற்கு என்னென்ன தெரியாது என்று எப்போதாவது யோசித்துப் பார்த்தாயா?

நிறப்பிரிகை, அதாவது நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறுவதால் துடிப்பு பரவுவது, எவ்வளவு என்று தெரியாது. ஒரு நானோமீட்டர் அகலத்துக்குக் கிலோமீட்டருக்கு 17 பிகோவிநாடி என்று வைத்தால், 1000 கிலோமீட்டரில் நானோமீட்டருக்கு 17,000 பிகோவிநாடி. உன் சமிக்ஞையின் அகலம் சுமார் கால் நானோமீட்டர். பெருக்கிப் பார்: ஒரு துடிப்பு 4300 பிகோவிநாடிக்குப் பரவுகிறது. ஒரு குறியீட்டின் ஆயுளோ 31 பிகோவிநாடி. ஆக ஒவ்வொரு குறியீடும் ஏறத்தாழ 140 குறியீடுகளின் மேல் படர்ந்து கிடக்கிறது. குறியீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. இழை வழியில் அதிர்வுத் திசைகளை எப்படித் திருப்பியது என்பதும் தெரியாது. அனுப்பிய லேசரும் இங்கே இருக்கும் லேசரும் ஒரே அதிர்வெண்ணில் இருக்கின்றன என்று நீ வைத்துக்கொண்டாய். 193 டெராஹெர்ட்ஸில் 1 கிகாஹெர்ட்ஸ் விலகல் என்பது இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான், ஆனால் அந்த ஒரு பங்கே குறியீட்டுக்குக் குறியீடு கட்டத்தை 11 டிகிரி சுழற்றிவிடும். குறியீடுகளைப் புள்ளிகளாகக் காட்டும் படம் 32 குறியீடுகளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும்.

இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் சிக்கல். கலந்த குறியீடுகளைப் பிரிக்கும் ஈக்வலைசரைச் சரிசெய்ய, சரியான குறியீடு எது என்று தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமானால் கட்டம் தெரிய வேண்டும். கட்டம் தெரிய ஈக்வலைசர் சரியாக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவருக்கு இந்த வட்டம் தெரியவே தெரியாது. தன் தீர்ப்புகளில் பெரும்பாலானவை சரி என்ற துணிச்சலில் அவற்றையே ஆதாரமாக வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்ளும். தொடங்கும் ரிசீவருக்கு அந்தத் துணிச்சலுக்கு முகாந்திரம் இல்லை.

என் கட்சி இதுதான், நண்பர்கள் சிலர் சிரித்தாலும் விடமாட்டேன்: நல்ல தொடக்கம் என்பது, இன்னும் தெரியாததைக் கேட்காத அளவைகளைக் கண்டுபிடித்து வரிசையில் முன்னே நிறுத்துவது. வேகமான சிப், கூடுதல் பிட் எல்லாம் பிறகு.

இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் டொமினிக் கொதார் 1980இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. ஐ.பி.எம்.மில் இருந்தவர். அவர் கவலைப்பட்டது தொலைபேசிக் கம்பியில் ஓடும் மோடத்தைப் பற்றி. அந்தக் காலத்து மோடம் இணைப்பு எடுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் போடும். உன் தலைமுறை கேட்டிருக்காது. அதில் பெரும்பகுதி பயிற்சி: இரு பக்கமும் முன்பே அறிந்த தொடரை அனுப்பி ஈக்வலைசரைப் பழக்குவது. பெல் ஆய்வகத்தில் ராபர்ட் லக்கி 1965இல் தொடங்கிவைத்த தானியங்கி ஈக்வலைசர் மரபு அது. ஆனால் ஒரே கம்பியில் ஒரு மைய மோடமும் பல கிளை மோடங்களும் இருந்தால்? ஒரு கிளை தடுமாறிவிட்டால் அதற்காக எல்லாருடைய தரவையும் நிறுத்திவிட்டுப் பயிற்சித் தொடரை அனுப்புவதா? வருகிற தரவிலிருந்தே, அது என்னவென்று தெரியாமலே, கிளை தன்னைச் சரிசெய்துகொள்ள வழி தேடினார்.

அவர் கண்ட வழி: ஈக்வலைசரின் வெளியீடு எந்தப் புள்ளி என்று கேட்காதே, மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கேள். உன் குறியீடுகள் எடுக்கக்கூடிய நான்கு புள்ளிகளும் ஒரே வட்டத்தில் இருப்பவை. வட்டத்தில் இல்லாமல் வெளியீடு அலைந்தால் அண்டைக் குறியீடுகள் கலந்திருக்கின்றன என்று பொருள், அந்த அலைச்சலைக் குறை. இதில் அதிர்வெண் விலகலோ கட்டமோ எங்கும் வரவில்லை. படம் மையத்தைச் சுற்றி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தூரம் மாறாது. நீ சி.எம்.ஏ. (கான்ஸ்டன்ட் மாடுலஸ் அல்காரிதம்) என்று மூன்றெழுத்தில் எழுதிவிட்டுப் போன வரிக்குள் இருப்பது இது. நிரலில் நான்கு வரிகூட வராது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

நேரத்தையும் கட்டத்தையும் பிடிக்க நீ பயன்படுத்திய மற்ற இரண்டு அளவைகளும் இதே இனம்தான். 1986இல் ஃபிளாய்ட் கார்ட்னர் தந்த நேரப்பிழைக் காட்டி, கட்டம் தெரியாமலே குறியீட்டின் நடுவைப் பிடிக்கும். 1983இல் வந்த விட்டர்பி கட்டுரை, தரவு தெரியாமலே கட்டத்தைப் பிடிக்கும்: நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் நான்கு புள்ளிகளும் ஒன்றாகி, தரவு மறைந்து சுழற்சி மட்டும் மிஞ்சும். அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் ஆண்ட்ரூ விட்டர்பியும் அவர் மகள் ஆட்ரியும். ஆண்ட்ரூ என்றால் எல்லாருக்கும் அவருடைய அல்காரிதம்தான் நினைவுக்கு வரும். எனக்கு இந்தத் தந்தை-மகள் கட்டுரைதான் பிடிக்கும். தலைப்பிலேயே துண்டு துண்டாக அனுப்பும் டிஜிட்டல் தரவுக்கு என்று இருக்கிறது. தொடக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள்! மூன்றுமே எண்பதுகளின் சரக்கு, மூன்றும் இழைக்காக எழுதப்பட்டவை அல்ல. எண்பதுகளில் ஒளியியல்காரர்களும் கோஹெரன்ட் ரிசீவரில் மும்முரமாக இருந்தார்கள். எர்பியம் பெருக்கி வந்ததும் அதைப் பரணில் போட்டுவிட்டார்கள். வேகமான டிஜிட்டல் சிப்புகள் வந்த பிறகு, 2008 வாக்கில் நார்டெல் 40 கிகாபிட் ரிசீவரை நிஜ நேரத்தில் ஓட்டிக் காட்டியபோது, மோடக்காரர்களின் பெட்டி அப்படியே கைக்கு வந்தது.

இப்போது, நீ வெட்டிய இடத்தில் ஒளிந்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். கொதாரின் மோடத்துக்கு ஒரே தரவோட்டம். உனக்கு இரண்டு. இரண்டு வெளியீடுகளிடமும் 'வட்டத்தில் இரு' என்று மட்டும் சொல்கிறாய். 'நீங்கள் இருவரும் வேறு வேறாக இருங்கள்' என்று யாரும் சொல்லவில்லை. பந்தியில் பரிமாற வந்த இருவரும் சாம்பார் வாளியையே தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி? இருவர் வாளியும் நிறைந்திருக்கிறது, இருவரும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள், இலையில் ரசம் மட்டும் வராது. அதுபோல இரண்டு வெளியீடுகளும் ஒரே அதிர்வுத் திசையின் தரவைப் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று அநாதையாகிவிடும். திரையில் பார்த்தால் இரண்டிலும் நான்கு புள்ளிகள் பளிச்சென்று இருக்கும். பிழை அளவும் சின்னதாக இருக்கும். சட்டகத்தின் எல்லைக்குறியைத் தேடும்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே குறி வந்து குட்டு வெளிப்படும். உன் அறிக்கையில் 20 ஓட்டங்களில் மூன்றை 'செட்டில் ஆகவில்லை' என்று ஒதுக்கியிருக்கிறாயே, அவற்றைத் திறந்து பார்த்தாயா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவை மிக நன்றாகவே செட்டில் ஆகியிருக்கும், தவறான இடத்தில்.

மருந்து எளிது. முதலில் ஒரு வெளியீட்டை மட்டும் ஓடவிடு. அது ஒரு தரவோட்டத்தைப் பிடித்த பிறகு, இரண்டாவதின் எடைகளை நீ தோன்றியபடி வைக்காமல் முதலாவதிலிருந்தே எழுது: இடம் மாற்றி, இணையியம் எடுத்து, காலவரிசையைத் திருப்பி, ஒன்றுக்கு மட்டும் எதிர்க்குறி போட்டு. இழை முதல் தோராயத்தில் அதிர்வுத் திசைகளைத் திருப்பத்தான் செய்கிறது, செங்குத்தாக வந்தவை செங்குத்தாகவே போகின்றன. ஆகவே முதலாவதுக்குச் செங்குத்தானது மற்றதாகத்தான் இருக்க முடியும். ஒரு திசைக்குக் கூடுதல் இழப்பு இருந்தால் இது சற்றுப் பிசகும். பரவாயில்லை, தொடக்கப் புள்ளிக்கு அவ்வளவு துல்லியம் வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் நிறப்பிரிகையை முடித்தாக வேண்டும். 140 குறியீடுகள் கலந்த கூழில் கார்ட்னரின் காட்டிக்குப் பிடிமானம் இல்லை. அதனால் ரிசீவர் ஒவ்வொரு மதிப்பாக வைத்து வைத்துப் பார்த்து, எதில் சமிக்ஞை தெளிகிறதோ அதைப் பிடிக்கும். பிறகு நேரம், பிறகு அதிர்வுத் திசை, பிறகு அதிர்வெண், கட்டம், சட்டகம், பிழைதிருத்தம். இந்த வரிசையை இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டால் ஓடாது.

இப்போதெல்லாம் யாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு தொடங்குவதில்லை என்று நீ சொல்லலாம். உண்மை. 2020இல் வந்த 400இசட்ஆர் என்ற கோஹெரன்ட் இணைப்புத் தரத்தில் 32 குறியீடுகளுக்கு ஒன்று முன்பே அறிந்ததாக வருகிறது. இரண்டு திசைகளுக்கும் வெவ்வேறு பயிற்சித் தொடர்களும் உண்டு. 16 புள்ளிப் படத்தில் ஒரு வட்டத்துக்குப் பதில் மூன்று வட்டங்கள் வந்துவிடுவதால் கொதாரின் அளவை அங்கே முரட்டு வேலைக்குத்தான் ஆகும். வேலைக்குப் போனால் பயிற்சித் தொடரையே பயன்படுத்து. ஆனால் அதை மட்டுமே படித்தவர்களுக்கு ரிசீவர் ஏன் தடுமாறுகிறது என்று சொல்லத் தெரியவில்லை என்பது என் அனுபவம்.

இழை அறுந்து பாதை மாறும்போதும் இதே கதைதான். எஸ்.டி.எச். என்ற பழைய ஒளியிழைப் பிணையத் தரத்தின் காலத்திலிருந்து, மாற்றுப் பாதைக்குத் தாவ 50 மில்லிவிநாடி என்பது பழக்கமான வரம்பு. உன் வேகத்தில் அது 160 கோடி குறியீடுகள், தாராளம்தான். ஆனால் மாற்றுப் பாதை 600 கிலோமீட்டர் கூடுதல் என்றால் நிறப்பிரிகை நானோமீட்டருக்கு 10,200 பிகோவிநாடி ஏறிவிடும், தேடல் முதலிலிருந்து தொடங்கும். தேடலில்தான் நேரம் கரைகிறது. அந்தப் பாதையின் நீளம் முன்பே தெரிந்ததுதானே, மதிப்பைக் குறித்துவைத்து அங்கிருந்து ஏன் தேடக்கூடாது? உன் நிரல் எப்போதும் 0 இலிருந்து தேடுகிறது. அதை மாற்று. இரண்டு லேசர்களுக்கும் நடுவே 1.5 கிகாஹெர்ட்ஸ் விலகல் வை. ஒதுக்கிய மூன்று ஓட்டங்களையும், வெட்டாமல், முதல் குறியீட்டிலிருந்து வரைந்து அடுத்த வாரத்துக்குள் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்