மூணாவது வரிசை ஓரத்துல நின்னவ சொல்றேன்

ப்ளஸ் ஒன் வகுப்பு ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே ஒரு சார் வந்து, "என்.எஸ்.எஸ்.ல சேர விருப்பம் இருக்கிறவங்க எழுந்திருங்க"ன்னு கேட்பார். அடுத்து டான்ஸுக்கு ஆள் எடுக்க ஒரு டீச்சர் வருவாங்க. அப்புறம் இன்ட்ராக்ட், பசுமைப் படைன்னு வரிசையா வரும். எல்லாத்துக்கும் கையைத் தூக்கிடாதே. நான் தூக்கினேன், காலாண்டுல கெமிஸ்ட்ரி காலை வாரிடுச்சு. ஆடறதுக்கு ஒண்ணு, உழைக்கறதுக்கு ஒண்ணு. அது போதும். அதையும் ப்ளஸ் ஒன்லயே அனுபவிச்சு முடிச்சுக்கோ. ப்ளஸ் டூவுல திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வுன்னு மூச்சு விட முடியாது.

முதல்ல டான்ஸ். உங்களுக்கு ஆண்டு விழா மேடை மட்டும் இல்லை, 2022ல அரசுப் பள்ளிகளுக்காக ஆரம்பிச்ச கலைத் திருவிழாவும் இருக்கு. பள்ளி, வட்டாரம், மாவட்டம்னு ஜெயிச்சு ஜெயிச்சு மாநிலம் வரைக்கும் போகலாம். எங்க குழு ஒயிலாட்டம் எடுத்துச்சு. பார்க்க சுலபமாத்தான் இருக்கும்: கையில துணி, கால்ல சலங்கை, வரிசை கலையாம ஆடணும், அவ்வளவுதானேன்னு தோணும். பத்தே நிமிஷத்துல துணி வியர்வையில நனைஞ்சு விரல்ல இருந்து நழுவும்போது தெரியும். துணியோட ஒரு முனையில மோதிரம் அளவுக்கு ஒரு சுருக்குப் போட்டு நடுவிரல்ல மாட்டிக்கோ. சலங்கையை வெறும் கால்ல கட்டாதே, கணுக்கால் தோல் உரிஞ்சுடும். அம்மாவோட பழைய காட்டன் சேலையைப் பட்டையாக் கிழிச்சு ரெண்டு சுத்து சுத்தி, அதுக்கு மேல கட்டு. ஒத்திகையைக் காலையில எட்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க. வெயில் ஏறின சிமென்ட் தரையில வெறுங்காலோட குதிச்சா மறுநாள் நடக்கவே முடியாது.

இப்போ யாரும் வெளிப்படையாச் சொல்லாத விஷயம். வரிசை போடும்போது சிவப்பா இருக்கறவங்க முன்னாடி வந்துடுவாங்க. என்னை மூணாவது வரிசை ஓரத்துல நிறுத்தினாங்க. உயரம்தான் காரணம்னாங்க. முன்னாடி நின்னவங்கள்ல ரெண்டு பேர் என்னைவிட உயரம். அன்னைக்கு நான் சாப்பிடாம படுத்துக்கிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போ எட்டாவது. நிறத்தைப் பார்த்து நிறுத்தறது தப்பு, இன்னைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனா நான் அழுததுக்குப் பதிலா, "டீச்சர், சரணத்துக்கு ஒரு தடவை வரிசை மாத்திக்கலாமா?"ன்னு கேட்டிருக்கணும். எனக்கு அடுத்த செட்ல ஒருத்தி இதே கேள்வியைக் கேட்டா, உடனே சரின்னுட்டாங்க. கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் எல்லாமே இடம் மாறி மாறி ஆடத் தோதானதுதான். பின்னாடி நின்னவளும் முன்னாடி வருவா, ஆட்டமும் பார்க்க நல்லா இருக்கும். அழகைப் பத்திப் பேசினா சண்டை வரும். ஆட்டத்தைப் பத்திப் பேசு.

பாட்டு விஷயத்துல எங்களுக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது. வட்டாரப் போட்டியில ஒருத்தியோட போன்ல இருந்துதான் பாட்டைப் போட்டோம். ரெண்டாவது சரணத்துல அவங்க அம்மா போன் பண்ணிட்டாங்க. ஸ்பீக்கர் முழுக்க அவ ரிங்டோன்! துணியைத் தூக்கின கையோட எட்டுப் பேரும் சிலை மாதிரி நின்னோம். பாட்டை ரெண்டு பென்டிரைவ்ல ஏத்து, அதுல வேற எந்தப் பாட்டும் இருக்கக் கூடாது. அவசரத்துக்கு ஒரு போன்லயும் வெச்சுக்கோ, ஆனா ஏரோபிளேன் மோடுல. வாரத்துல ஒரு நாள் பாட்டே இல்லாம, கைத்தாளத்துக்கு ஆடிப் பாருங்க. பாட்டு நின்னாலும் கால் நிக்காது.

டிரஸ்ஸுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணுவாங்க. குடுக்க முடியாதவ காரணம் சொல்ல மாட்டா, கால் வலின்னு நின்னுடுவா. அதனால வாடகை டிரஸ் பேச்சு எடுக்கறதுக்கு முன்னாடி, யார் யார் வீட்டுல ஒரே மாதிரி கலர்ல பாவாடை தாவணி இருக்குன்னு விசாரிங்க. அப்படியும் வாடகைக்குத்தான் எடுக்கணும்னா முந்தின நாளே போட்டுப் பார்த்து ஹூக்கைச் சரி பண்ணிக்கோ. ஊசி, நூல், ஒரு அட்டை சேஃப்டி பின், பேடு, இது நாலும் உன் பையில எப்பவும் இருக்கட்டும். யாராவது கேட்டுட்டு வருவாங்க பாரு.

அடுத்தது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24ல ஆரம்பிச்சது. பேட்ஜுல இருக்கற சக்கரம் கோனார்க் கோயில் தேர்ச் சக்கரம். யாராவது கேட்டா முழிக்காதே, நான் முழிச்சேன். இதுல முக்கியமானது ஏழு நாள் முகாம். கிராமத்துப் பள்ளிக்கூடத்துலயே தங்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேட்டுடு: ராத்திரி எந்த டீச்சர் கூடத் தங்கறாங்க, கழிவறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணியும் இருக்கா? கேட்க வெட்கப்படாதே. பக்கெட், மக், டார்ச், போர்வை, கொசுவத்தி எடுத்துக்கோ. முக்கியமா, மூடின ஷூ. சீமைக்கருவேலம் வெட்டப் போனா ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு முள் உள்ளே இறங்கும். குத்தினா மறைக்காம சார்கிட்ட சொல்லு, டி.டி. ஊசி போடணுமான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்துடுவாங்க.

மரக்கன்று நடறதுன்னா ரெண்டு விஷயம். வேரைச் சுத்தியிருக்கற பிளாஸ்டிக் கவரைக் கிழிச்சுட்டு நடு, நிறைய பேர் கவரோடயே புதைச்சுடறாங்க. அப்புறம், யார் தண்ணி ஊத்தப் போறாங்கன்னு கேட்டுட்டு குழி தோண்டு. பேனர் கட்டி, போட்டோ எடுத்துட்டு நாங்க வந்துட்டோம். பங்குனி வெயில்ல போய்ப் பார்த்தப்போ குச்சிதான் நின்னுச்சு. பக்கத்துல பெட்டிக்கடை வெச்சிருந்த பாட்டி ஊத்தின ஒரு வேப்பங்கன்று மட்டும் பிழைச்சிருந்துச்சு. யாராவது வீட்டு வாசல்ல நடு, ஊத்த ஆள் இருக்கும்.

ரத்ததான முகாம்ல வேலை பார்க்கலாம், பேர் எழுதலாம், ஜூஸ் குடுக்கலாம். நீ ரத்தம் குடுக்க முடியாது, 18 வயசு முடியணும். "பதினெட்டுன்னே எழுதிக்கோ"ன்னு யாராவது சொன்னா எழுதாதே.

முகாமோட கடைசி ராத்திரி கலை நிகழ்ச்சி இருக்கும். ஊரே பாயோட வந்து உட்காரும். அங்கே நாங்க ஆடின அதே ஒயிலாட்டத்தைப் பார்த்துட்டு, ஒரு தாத்தா எழுந்து வந்து, "கால் வேகம் சரி, குனியறது பத்தலை"ன்னு சொல்லி, துண்டைக் கையில எடுத்து ஆடிக் காட்டினார். வட்டாரப் போட்டியில எங்களுக்கு யாரும் அதைச் சொல்லலை. உங்க குழுவோட சலங்கையையும் துணியையும் மறக்காம முகாமுக்கு எடுத்துட்டுப் போ.

திங்கட்கிழமை பேர் குடுத்துடு. முகாமுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்பாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.