துவைத்த தண்ணீர் எங்கே போகிறது?

நோயோடு வந்தவர்களுக்கு அய்யா வைகுண்டர் தந்த மருந்து மண்ணும் தண்ணீரும். சுவாமிதோப்பில் வேறு மருந்துப் பெட்டி எதுவும் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. இன்றும் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் அதுவே நடக்கிறது. வருகிறவர் நெற்றிக்கு நாமம், கைக்குப் பதம். இதை நம்பிக்கை என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மருந்துக்குள் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் மருந்தாக வேண்டுமானால், முதலில் அவற்றுக்கு நோய் வரக்கூடாது.

திருப்பூர் வட்டாரத்தில் வாழும் அன்புக்கொடி மக்களுக்கு இந்த நிபந்தனை நாள்தோறும் கண்முன்னால் நிற்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். ஒருவர் கட்டிங், ஒருவர் ஓவர்லாக், ஒருவர் செக்கிங், இன்னொருவர் சாயப்பட்டறை. வீட்டுச் சோறு நூலிலிருந்து வருகிறது. அந்த நூலைச் சாயத்தில் முக்கி அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் இந்தப் பாடம்.

வெளியே உள்ள ஐந்து பூதங்களும் உடம்புக்குள்ளும் உள்ளன என்பது இந்த நாட்டின் பழைய அறிவு. சித்த மருத்துவம் இன்னும் நுணுக்கமாகப் போய், உடம்பில் உலவும் உயிர்க்காற்றைப் பத்து வாயுக்களாகப் பிரிக்கிறது. பிராணன் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும், மூச்சாக உள்ளே வருவது. அபானன் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மலத்தையும் சிறுநீரையும் கீழ்நோக்கித் தள்ளி வெளியேற்றும் வாயு அது. பேசக் கூச்சமான வேலைதான். ஆனால் அது இரண்டு நாள் நின்றுபோனால் பிராணனுக்கும் வழியில்லை. உள்ளே வாங்குவது எப்படி உயிரின் வேலையோ, அதுபோலவே வெளியேற்றுவதும் உயிரின் வேலை என்று பழைய மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள்.

காட்டுக்குப் போய்ப் பார்த்தால் இதன் மறுபாதி தெரியும். அங்கே ஒன்று கழித்தது இன்னொன்றுக்கு உணவு. மாட்டுச் சாணத்தை வண்டு உருட்டிக்கொண்டு போகிறது. உதிர்ந்த இலையைக் கறையான் தின்கிறது. மரம் விடும் மூச்சை மனிதன் வாங்குகிறான். கழிவு என்ற பெயரில் ஓரிடத்தில் தங்கிப்போவது எதுவும் இல்லை. ஆறும் இப்படித்தான் தன்னைக் கழுவிக்கொள்கிறது. கல்லில் மோதிப் புரளும்போது காற்றைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்றைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. ஆற்றுக்கும் மூச்சு உண்டு என்று ஒருவர் சொன்னால் அது வெறும் கற்பனை அல்ல.

ஆனால் ஆற்றால் தின்ன முடியாத பொருளும் இருக்கிறது.

பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். சாயத்தை நூலின் பக்கம் தள்ளிக் கொடுப்பது உப்புதான். நிறம் அடர்த்தியாக வேண்டுமென்றால் லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் என்றுகூடப் போடுவார்கள். கடல்நீரில் இருப்பதே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அப்படியானால் கறுப்பு பனியனை முக்கி எடுக்கும் நீர் கடலைவிட இரண்டு மடங்கு கரிப்பு. வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போகிறது. உப்பு போவதில்லை, ஏறக்குறைய முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது. சாயத்தின் நிறம் கண்ணை உறுத்தும், அதனால் எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். நிறத்தை நீக்க வழி உண்டு. உப்பைத் தின்னும் வண்டும் இல்லை, கறையானும் இல்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், பேரூரைத் தொட்டு, கோவையின் குளங்களை நிரப்பி, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. காஞ்சிமாநதி என்று பழம்பெயர். 1980-களிலும் 90-களிலும் ஏற்றுமதி பெருகப் பெருகப் பட்டறைகளும் பெருகின. ஆற்றின் நிறத்தைப் பார்த்தே இந்த வருடம் வெளிநாட்டில் எந்தக் கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம் என ஊருக்குள் ஒரு கேலி கூட இருந்தது. கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992-ல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணையில் தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் கேட்பது உலக வழக்கம். இங்கே திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். கிணறுகள் கரித்தன. தென்னை, வாழை, மஞ்சள் விளைந்த தோட்டங்களில் மண் வெளுத்தது.

அந்த மண்ணில் மரம் ஏன் வாடியது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு நெல்லிக்காய் போதும். உப்பு நீரில் போட்ட நெல்லிக்காய் சுருங்குகிறது. காய்க்குள் இருந்த நீரை வெளியே உள்ள உப்பு இழுத்துக்கொள்கிறது. வேரிலும் அதுதான் நடக்கிறது. மண் ஈரமாகத்தான் இருக்கும், கையில் எடுத்தால் ஒட்டும். ஆனால் வேரால் அந்த நீரை உறிஞ்ச முடியாது. தண்ணீரின் நடுவே நின்றுகொண்டு மரம் தாகத்தில் சாகிறது.

இந்த இடத்தில் அய்யா வழி அன்பர்கள் துவையல் தவசை நினைத்துப் பார்க்க வேண்டும். வாகைப்பதிக் கடற்கரையில் 700 குடும்பங்கள் அய்யாவின் சொல்படி கூடித் தவம் இருந்தன. நாள்தோறும் பலமுறை குளித்தார்கள். உடுத்திய துணியைத் துவைத்து உடுத்தார்கள். அரிசியும் சிறுபயறும் சமைத்து உண்டார்கள். கிணற்றருகே வராதே, துணியைச் சுத்தமாக உடுத்தாதே என்று தள்ளி வைக்கப்பட்டிருந்த மக்கள் அவர்கள். உடம்பும் உடையும் இருப்பிடமும் சுத்தமானால் உள்ளம் நிமிரும் என்ற பாடம் அங்கே நடந்தது. சுவாமிதோப்பின் முத்திரி கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரில் குளித்ததும் அதே பாடத்தின் தொடர்ச்சி.

அந்தத் துவையலின் அழுக்கு எங்கே போனது? கடலுக்குப் போனது. மேலில் பட்ட வியர்வையும் தூசியும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அதைத் தின்று தீர்க்கும் உயிர்கள் கடலில் உண்டு. உப்பு நீர் உப்பு நீரோடு சேர்ந்தது. அந்தத் துவையலால் கீழே உள்ள எவருடைய கிணறும் கரிக்கவில்லை. திருப்பூரின் துவையல் அப்படி அல்ல. இங்கே வெளுத்த துணி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது, அழுக்கு ஒரத்துப்பாளையத்துக்குப் போனது. ஒருவன் சுத்தமாவதற்காக இன்னொருவன் அழுக்காக வேண்டியிருந்தால் அதை அய்யா வழியில் துவையல் என்று சொல்லக் கூடாது. அழுக்கை இடம் மாற்றுவதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

தாழ்ந்து கிடப்பவரைக் காப்பது தர்மம் என்று அன்புக்கொடி மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டாம். சாதியில் தாழ்த்தப்பட்டவர், பொருளில் தாழ்ந்தவர் என்றே அதற்குப் பொருள் கொள்கிறார்கள். ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் இன்னொரு பொருளும் தெரிகிறது. நீர் தாழ்ந்த இடத்துக்குத்தான் போகும். ஆற்றில் தாழ்ந்தவர் கடைமடைக்காரர். மேலே இருப்பவன் செய்ததெல்லாம் அவர் வாய்க்காலில் வந்து சேரும். எதிர்த்து மேலே அனுப்ப அவருக்கு வழியே இல்லை.

அந்தக் கடைமடைக்காரர்கள்தான் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகள் வரவேண்டும் என்று 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பொறுப்பை உறுதி செய்தது. சொன்னபடி நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் ஆணை வந்தது.

அப்போது வேலை இழந்து மூட்டை கட்டி ஊர் திரும்பிய தொழிலாளிகளும் எளியவர்களே. இதை மறைத்துவிட்டு விவசாயி ஜெயித்தார் என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது. சாய நீரில் வெறுங்கையை விட்டு வேலை செய்தவர் தாழ்ந்தவர், கரித்த கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவரும் தாழ்ந்தவர். இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக நிறுத்திய பேராசைதான் இதில் கலி.

1841-ல் ஏட்டில் எழுதப்பட்ட அகிலத்திரட்டில் வரும் குரோணியின் கதையை ஏடு வாசிப்பில் கேட்காத அன்பர் இல்லை. பிறந்த உடனே பசி. கடல் நீர் முழுவதையும் குடித்தான், பசி அடங்கவில்லை. கயிலையையே விழுங்கப் பார்த்தான். அவனை ஆறு துண்டாக்கிய பிறகும் யுகந்தோறும் ஒரு துண்டு உருவெடுத்து வந்தது. கலியுகத்தில் உடம்போடு வரவில்லை, மனித மனத்துக்குள் மாயையாக வந்து இருக்கிறது. இந்த வட்டாரத்தில் அதை எங்கே பார்ப்பது என்று கேட்டால் தண்ணீர்க் கணக்கில் பார்க்கலாம். சொந்த ஆறும் கிணறும் கெட்ட பிறகு லாரியில் சுற்றுக் கிராமங்களின் நீர் வந்தது. 2005-லிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறனுள்ள குழாய்த் திட்டத்தில் காவிரியிலிருந்து நீர் வருகிறது. ஓர் ஆற்றைக் குடித்து முடித்து அடுத்த ஆற்றுக்கு வாய் வைப்பது எந்தக் கதையில் வருகிறது என்று அன்பர்களுக்குத் தெரியும்.

மூடிய பட்டறைகள் மறுபடி திறந்த விதத்தில்தான் படிக்க வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது. மனிதனின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எல்லாம் இரத்தத்துக்கே திரும்புகிறது. 180 லிட்டரையும் வெளியே கொட்டி, புதிதாக 180 லிட்டர் குடிக்க வேண்டும் என்றிருந்தால் எந்த மனிதன் உயிர் வாழ்வான்? உடம்பு ஒரே நீரைத் திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்துகிறது. இன்று திருப்பூரின் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் செய்வதும் இதையே. முதலில் நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்னவைக்கிறார்கள். அது ஆறு செய்த வேலை. பிறகு மெல்லிய சவ்வின் வழியாக அழுத்தித் தள்ளி நீரையும் உப்பையும் பிரிக்கிறார்கள். உப்பு மண்ணில் வேரிலிருந்து நீர் எந்தப் பக்கம் ஓடியதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அதை ஓடவைக்கும் வேலை. மிஞ்சிய கரிப்பு நீரைக் காய்ச்சி உப்பை எடுத்து, அந்த உப்பையே மறுபடி சாயத்துக்குப் போடுகிறார்கள். நீரும் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கிறது.

செலவு பெரிது, மின்சாரம் நிறைய வேண்டும். எதற்கும் உதவாத கலவை உப்பும் சேறும் மூட்டைகளாகத் தேங்கி நிற்கின்றன, அவற்றைத் தின்ன இன்னும் ஒருவரும் வரவில்லை. செலவுக்குப் பயந்து வேறு ஊர்களில் ஒளிந்து நடக்கும் பட்டறைகளும் பிடிபடுகின்றன. அங்கே ஏதோ ஒரு சிற்றோடை இன்னொரு நொய்யலாகிக் கொண்டிருக்கும். ஆகவே தீர்ந்தது என்று சொல்ல முடியாது. என்றாலும் நீரைக் கழுவித் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு தொழில் ஊரே கற்றுக்கொண்டது சின்ன விஷயமல்ல.

இதே ஊரின் ஓரத்தில், நல்லாற்று நீர் வந்து சேரும் நஞ்சராயன் குளம் இருக்கிறது. சுமார் 310 ஏக்கர். 2022-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் உலக அளவில் மதிக்கப்படும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மஞ்சள்மூக்கு நாரைகள் நிற்கும். இமயத்தைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே வந்து இறங்குகிறது. தாங்கலில் ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகளை ஒரு மார்கழிக் காலையில் அங்கே கூட்டிப் போகலாம். மரத்தடியில் அமைதியாக உட்காரவைத்து, தங்கள் மூச்சை ஐந்து நிமிடம் கவனிக்கச் சொல்லி, பிறகு தண்ணீரைப் பார்க்கச் சொன்னால் போதும். கேள்விகள் தாமாக வரும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பதிகளிலும் தாங்கல்களிலும் ஏறும் கொடி காவித் துணி. அந்தக் காவியும் ஏதோ ஒரு பட்டறையில் முங்கி எழுந்ததுதான். அடுத்த திருநாளுக்குக் கொடித்துணியும் தலைப்பாகைத் துணியும் எடுக்கும்போது, இதன் சாயத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா என்று கடைக்காரரிடம் கேட்கலாம். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலு தாங்கல்காரர்கள் கேட்டால் அவர் பட்டறையில் கேட்டு வைப்பார். பட்டறையில் வேலை செய்யும் அன்பர் இருந்தால் அவரையே கேட்கலாம், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று முதலாளியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அய்யா உண்டு.