ரோபோ அளந்தால் சரியாகத்தான் இருக்குமா?



எம்.எல்.டி., பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி படிக்கும் நம் பிள்ளைகள் நாளை வேலைக்குச் சேரும் பெரிய ஆய்வுக்கூடங்களில், திரவத்தை அளந்து ஊற்றும் ரோபோவைச் சந்திக்க நேரலாம். அதை நிறுவுவதும் பராமரிப்பதும் எப்படி என்பதே இந்த இதழின் பாடம்.

எதற்காக இந்த இயந்திரம்?

ரத்தம், சளி போன்ற மாதிரிகளைச் சோதிக்கும்போது மைக்ரோலிட்டர் கணக்கில் அளக்க வேண்டியிருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோலிட்டர். இதற்காகக் கட்டைவிரலால் அழுத்தும் மைக்ரோபிப்பெட்டை 1957-இல் ஜெர்மனியின் மார்புர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் உருவாக்கினார். 96 குழிகள் உள்ள ஒரு தட்டில் மூன்று திரவங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க, அந்தப் பிப்பெட்டை 288 முறை இயக்க வேண்டும். விரல் வலிக்கும், கவனம் சிதறும். ரோபோவுக்குச் சோர்வில்லை.

ஆனால் சோர்வில்லாதது வேறு, தவறில்லாதது வேறு. திரவ மட்டத்தை உணரும் வசதி இல்லாத ரோபோ, குழாய் காலியாக இருந்தாலும் காற்றை உறிஞ்சி அதையே குழியில் ஊதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மாதிரியே விழாத குழி, 'கிருமி இல்லை' என்று காட்டக்கூடும். நோயாளி அந்தத் தாளை நம்பி வீட்டுக்குப் போவார். எனவே இயந்திரத்தைக் கண்காணிக்கும் மனிதரின் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது.

நிறுவும் முறை

1. மேசை ஆடாமல், மட்டமாக இருக்க வேண்டும். மின்விசிறி, ஏசி காற்று நேராகப் படக்கூடாது.

2. ரோபோவுக்கு இடம் காட்டிக் கொடுக்க வேண்டும். இதைக் கேலிபரேஷன் என்பார்கள். உதாரணமாக, ஓப்பன்ட்ரான்ஸ் ஓடி-2 என்ற ரோபோவில், தளத்தில் பொறித்துள்ள சிலுவைக் குறிகளின் மேல் பிப்பெட் முனையைக் கொண்டுபோய் நிறுத்திப் பதிவு செய்கிறார்கள். டிப்பின் நீளத்தையும், வைக்கும் தட்டின் இடத்தையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் முனை குழியின் சுவரில் இடிக்கலாம்.

3. எடை போட்டுப் பார்க்க வேண்டும். நகைக்கடைத் தராசைவிட நுட்பமான ஆய்வுக்கூடத் தராசில், 100 மைக்ரோலிட்டர் சுத்தமான நீர் 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 99.7 மில்லிகிராம் காட்டும். ரோபோவைப் பத்து முறை ஊற்றச் செய்து, ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்து எண்களே பெரிய ஆசான். பத்தும் ஒன்றுபோல் குறைந்தால், அளவு அமைப்பைத் திருத்த வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால், டிப் சரியாகப் பொருந்தவில்லையா, உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டாவது கோளாறு தெரியாமலே போகும்.

திரவத்தின் குணம் அறிதல்

தண்ணீருக்குச் சரியான வேகம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கிளிசரால் தேன்போல் கெட்டியானது. மெதுவாக உறிஞ்சி மெதுவாக விட வேண்டும். ஆல்கஹால் வழியிலேயே சொட்டும். முதலில் டிப்பை அதே திரவத்தில் நனைத்து, உறிஞ்சிய பின் நுனியில் சிறிது காற்று இழுத்து அடைக்க வேண்டும்.

பராமரிப்பு

வேலை தொடங்குமுன் டிப் பெட்டி, திரவ அளவு, குப்பைத் தொட்டி மூன்றையும் பாருங்கள். முடிந்ததும் தளத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். பிளீச் பயன்படுத்தினால், பிறகு காய்ச்சி வடித்த நீரால் துடைக்க வேண்டும். இல்லையேல் உலோகம் அரிக்கும். எந்த வேதிப்பொருள் ஆகாது என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே துணியைக் கையில் எடுங்கள். எடைச் சோதனையைக் குறித்த இடைவெளியிலும், ரோபோவை இடம் மாற்றினாலும், அது எங்காவது இடித்துக்கொண்டாலும் மீண்டும் செய்ய வேண்டும். தேதி, பெயர், செய்த வேலை ஆகியவை பதிவேட்டில் இருக்கட்டும்.

ஒரு குழியிலிருந்து மறு குழிக்குத் துளி தாவுகிறதா என்றும் அறிய வேண்டும். சதுரங்கப் பலகைபோல், ஒரு குழியில் கிருமியின் மரபுப்பொருள் உள்ள மாதிரி, அடுத்ததில் வெறும் நீர் என மாற்றி மாற்றி வைத்துச் சோதியுங்கள். நீர்க் குழியில் கிருமி தெரிந்தால், எங்கோ கலப்படம் நடக்கிறது. காரணம் கண்டுபிடிக்கும்வரை நோயாளிகளின் மாதிரியை அதில் ஏற்றக்கூடாது.

பயிற்சி

100 மைக்ரோலிட்டருக்கு அமைத்த ரோபோ, பத்து முறையும் 95 மில்லிகிராம் அளவிலேயே ஊற்றுகிறது. கோளாறு எந்த வகை? பிள்ளைகள் விடையைக் காரணத்துடன் எழுதிப் பார்க்கட்டும். பெற்றோர் அருகில் அமர்ந்து கேட்டால், இன்னும் நன்று.