தொன்மை ஊர்திகள்

அரசரும் செல்வரும் ஊர்ந்த மகிழுந்துகள் மாளிகைகளில் பேணப்பட்டு, இன்று கண்காட்சிகளில் அணிவகுக்கின்றன. எளியோரின் வண்டிகளோ பெரும்பாலும் பழைய இரும்புக் கடைகளைச் சென்றடைகின்றன.

முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகளைத் ‘தொன்மை ஊர்திகள்’ என நடுவண் அரசின் 2021ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. அவற்றின் பதிவெண்ணில் ‘விஏ’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பேரணி போன்றவற்றிற்காக மட்டுமே அவை சாலையில் ஓடலாம்.

கருநாடக எல்லையையொட்டிய ஓசூரில் 1980இல் உருவானது, இருவர் செல்லத்தக்க டிவிஎஸ் 50 மொபெட். பால் கேன்களையும் காய்கறி மூட்டைகளையும் சுமந்து, உழவர்க்கும் சிறுவணிகர்க்கும் அது உறுதுணையாயிற்று. அதன் முதல் வண்டிகள் 2030இல் 50 ஆண்டுகளை எட்டும். எஞ்சியுள்ளவற்றை மூல வடிவிலேயே பேணினால், உழைப்பாளரின் ஊர்தியும் கண்காட்சி வரிசையில் இடம்பெறும்.