கண்ணாடி இழை இணைப்பு: பழுது கண்டறியும் முறை

வாய்க்காலில் நீர் வரவில்லையெனில் நம் உழவர் எடுத்த எடுப்பில் மதகைக் குறை கூறுவதில்லை. தலைமடையில் நீர் இருக்கிறதா, இடையில் கரை உடைந்துள்ளதா, தம் வயலின் மடையே அடைபட்டுள்ளதா என்று வரிசையாக நடந்து பார்க்கின்றனர். வீட்டிற்கு வரும் கண்ணாடி இழை இணைய இணைப்பு அடிக்கடி தடைப்படும்போதும் இம்முறையே ஏற்றது. ஆனால் நம்மில் பலர் பெட்டியை அணைத்து மீண்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு, “லைன் சரியில்லை” என்று மட்டும் முறையிட்டு அமைகிறோம். இடம் குறிப்பிடாத முறையீட்டினால் பணியாளர் வருவதும் போவதுமே மிஞ்சும், பழுது நீங்காது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இவ்விணைப்பு இன்று ஆடம்பரமன்று. நாமக்கல் கோழிப்பண்ணையாளர் அன்றன்றைய முட்டை விலையைக் கைபேசியிலேயே அறிகின்றனர். பட்டா, சிட்டா நகல்களும், வீட்டு வரி செலுத்துதலும், மாணவர் பாடங்களும் இணையத்தை நாடி நிற்கின்றன. ஆதலின் பழுதை அறியும் அறிவு ஒவ்வொரு குடும்பத்திற்கும் தேவையாகிறது.

இணைப்பு வரும் வழி

ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் தேசியத் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி, ‘டான்ஃபினெட்’ எனப்படும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இக்கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியாகவும், எஞ்சியது தரைக்கடியிலும் செல்கிறது. இதுவன்றிப் பிற நிறுவனங்களும் உள்ளூர்க் கேபிள் நடத்துவோரும் வீடுகளுக்கு இணைப்பு அளித்து வருகின்றனர்.

இவ்விழை தலைமயிரளவு நுண்ணிய கண்ணாடி. இதனுள் செல்வது மின்சாரமன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒளி. தூய கண்ணாடியில் ஒளியை நெடுந்தொலைவு செலுத்தலாகும் என்பதை 1966-இல் விளக்கியவர் சார்லஸ் காவ் என்னும் அறிஞர். அதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார். ஊருக்கு வரும் ஓர் இழையின் ஒளியைப் பிரிப்பான் என்னும் சிறு கருவி 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடப் பங்கிடுகிறது. ஒரே வாய்க்கால் பல வயல்களுக்குப் பாய்வது போன்றதே இது. பங்கிட்ட பின் வீட்டை அடையும் ஒளி மிகச் சிறிதாதலால், இழையில் ஒரு மடிப்போ, இணைப்பியின் முனையில் ஒரு துளி தூசியோ இருப்பினும் இணைப்பு தள்ளாடத் தொடங்கும்.

விளக்குகள் கூறும் செய்தி

தடை நேர்ந்தவுடன் வீட்டுப் பெட்டியின் முன்னுள்ள விளக்குகளைப் பார்த்தல் வேண்டும். 

1. ‘பவர்’ விளக்கு எரியவில்லையெனில் குறை மின்சாரத்திலோ அடாப்டரிலோ உள்ளது. மின்னழுத்தம் மிகத் தாழும் வேளைகளில் பெட்டி தானே அணைந்து மீண்டும் தொடங்குவதும் உண்டு. இதற்கென விற்கப்படும் சிறு பேட்டரிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டால் இக்குறை தீரும்.

2. ‘எல்.ஓ.எஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழை அறுந்தோ, மடிந்தோ, இணைப்பி கழன்றோ இருக்கலாம். அண்டை வீட்டிலும் இவ்வாறே எனில் பழுது தெருவில். நம் வீட்டில் மட்டுமெனில் கம்பத்திலிருந்து நம் சுவர் வரையுள்ள இழையிலோ, வீட்டினுள்ளோ தேட வேண்டும்.

3. ‘பி.ஓ.என்’ விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஒளி வந்தும் பெட்டி நிறுவனத்தின் கருவியோடு சேர இயலவில்லை. பெரும்பாலும் ஒளி நலிந்திருப்பதே காரணம். பதிவுக் குறையாகவும் இருக்கலாம்.

4. இவையெல்லாம் சரியாக இருந்தும் இணையம் மட்டும் இல்லையெனில், கட்டணம் நிலுவையில் உள்ளதா என்று முதலில் பார்த்து, அதன்பின் நிறுவனத்திடம் கேட்பது முறை.

பெட்டிக்கு வரும் ஒளியின் அளவைப் பணியாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. பொதுவாக அது கழித்தல் 8 முதல் கழித்தல் 27 வரை இருக்கலாம். கழித்தல் 20 இருந்த இடத்தில் கழித்தல் 23 ஆனால், வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள்.

இங்குச் சில எச்சரிக்கைகள் தேவை. கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடாது; காணாத ஒளியும் கண்ணுக்குத் தீங்கு செய்யும். பெட்டியின் பின்னுள்ள ‘ரீசெட்’ துளையை அழுத்தினால் அமைப்புகள் அழிந்துபோகும். இழையை ஆணியில் சுற்றுவதும், கதவிடுக்கில் நெருக்குவதும் தவறு. கம்பத்தில் தொங்கும் கேபிளைத் தாமே தொடுதல் ஆபத்தானது. அருகில் மின்கம்பிகள் உள்ளன.

வீட்டினுள் நேரும் குறை

இழை நன்றாக இருந்தும் வேகம் குறைவதுண்டு. பெட்டியையும் கணினியையும் கம்பியால் நேரே இணைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். கம்பியில் வேகம் இருந்து, கைபேசியில் இல்லையெனில் குறை வைஃபையில்தான். பெட்டியை மூலையிலோ இரும்பு அலமாரியினுள்ளோ வைக்காமல், வீட்டின் நடுவில் சற்று உயரத்தில் வைத்தல் நலம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, எனினும் சுவர்களைக் கடக்க வல்லதன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும், எனினும் வேகம் குறைவு. தோட்டத்திலுள்ள பண்ணைக் கொட்டகைக்கு இணைப்பு வேண்டுவோர், தகரக் கூரைகளுக்கு அப்பால் வைஃபை எட்டும் என்று நம்புதல் வீண். 100 மீட்டருக்குள் எனில் வெளிப்புறத்திற்கு உரிய கணினிக் கம்பியும், அதற்கு மேற்பட்டால் தனி இழையும் இட வேண்டும்.

கம்பியில் பார்த்தும் மாலை நேரத்தில் மட்டும் வேகம் தாழ்ந்தால், பலர் ஒரே வேளையில் பயன்படுத்துவதால் நேரும் நெருக்கடி எனக் கொள்ளலாம். 2023-இல் அரசு வகுத்த வரையறைப்படி அகல அலைவரிசை என்னும் பெயருக்குரிய குறைந்த வேகம் நொடிக்கு 2 மெகாபிட் ஆகும். நாம் பெற்ற திட்டத்தின் வேகம் எவ்வளவு என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

குறிப்பேடும் முறையீடும்

ஒரு வாரம் குறிப்பேடு வைத்துப் பார்ப்பதே சிறந்த வழி. நாள், நேரம், எரிந்த விளக்கு, மழையோ காற்றோ இருந்ததா, மின்தடை நேர்ந்ததா, அண்டை வீட்டு நிலை என்ன என்று எழுதி வருக. மழை நாளில் மட்டும் அறுந்தால் இணைப்புப் பெட்டியில் நீர் புகுந்திருக்கக் கூடும். மழை கண்ணாடியைக் கெடுப்பதில்லை. காற்றில் மட்டும் விட்டுவிட்டு வந்தால் கம்பத்தில் கேபிள் தளர்ந்திருக்கலாம். இவ்விவரங்களோடு முறையிட்டால் பணியாளர் நேரே பழுதுள்ள இடத்திற்கே செல்ல இயலும்.

முறையிடும்போது தரப்படும் பதிவு எண்ணைத் தவறாமல் எழுதி வைத்தல் வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, தீர்வு கிட்டாதவர் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரை அணுகலாம். எண் இல்லாத முறையீடு ரசீது இல்லாத பணம் போன்றது.

ஊராட்சியினர் கடமை

ஒரு வீட்டுக் குறையை வீட்டார் தீர்க்கலாம். ஊர்க் குறையை ஊராட்சிதான் தீர்க்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்கும் வடிகாலுக்கும் தோண்டும் பொக்லைன் இயந்திரம் ஒரு நொடியில் அறுக்கும் இழையை ஒட்டவைக்க, நுண்கருவியோடு பணியாளர் வந்தாக வேண்டும். தோண்டுமுன் அறிவிப்பதற்கென ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்னும் செயலி 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டுள்ளது. ஊராட்சி ஒப்பந்தக்காரர் இதனைப் பயன்படுத்துமாறு செய்தல் வேண்டும். தாழத் தொங்கும் கேபிளைக் கரும்பு லாரியும், திருச்செங்கோட்டுப் பகுதியிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியும் இழுத்துச் செல்லாதபடி முன்கூட்டியே தெரிவித்து உயர்த்திக் கட்டச் செய்க. கேபிளில் செம்பு இருக்கும் என்றெண்ணி அறுப்போருக்கு, அதனுள் இருப்பது விற்பனைக்கு உதவாத கண்ணாடியே என்பதை எடுத்துரைக்க வேண்டும். ஊராட்சிக் கட்டடத்தில் இணையக் கருவிகள் இருப்பின், அவற்றின் மின்இணைப்பை விசிறிக்காகவோ செல்பேசி மின்னேற்றத்திற்காகவோ பிடுங்குதல், ஊர் முழுவதற்கும் மடையை அடைப்பதற்கு ஒப்பாகும்.

ஏரியும் வாய்க்காலும் பொதுச் சொத்து என்று காத்த மரபு நம்முடையது. கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும் இவ்வாய்க்காலையும் அவ்வாறே காப்போம். அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து, கேபிள் செல்லும் வழியை வரைபடமாக எழுதி அலுவலகத்தில் வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.