எந்த இயந்திரம் இது?

பழைய கார்களைப் பாதுகாத்து ஓட்டுவது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அத்தகைய கார் ஒன்றை வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் நிறமோ விலையோ அன்று. அதன் உள்ளே இருக்கும் இயந்திரம் எது என்பதுதான். ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஓடிய காரில் முதலில் பொருத்தப்பட்ட இயந்திரமே இன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதை எவ்வாறு கண்டறிவது? மோரிஸ் மைனர் என்னும் காரைக் கொண்டு இதனை அறியலாம்.

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. இதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரை ஏறத்தாழ 1.6 மில்லியன் கார்கள் தயாரிக்கப்பட்டன. மலாயா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளின் சாலைகளிலும் இவை ஓடின. இக்காரின் தோற்றம் அதிகம் மாறவில்லை. ஆனால், இயந்திரம் மூன்று முறை மாறியது. முதலில் 918 சிசி கொள்ளளவுள்ள இயந்திரம் இருந்தது. 1952இல் 803 சிசி இயந்திரம் வந்தது. 1956இல் 948 சிசி இயந்திரமும் 1962இல் 1098 சிசி இயந்திரமும் பொருத்தப்பட்டன. இவை தவிர, பிற்காலத்தில் வேறு கார்களிலிருந்து எடுத்த 1275 சிசி இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு.

இயந்திரத்தைக் கண்டறிய உதவும் முதல் தடயம் காரின் உடல். முன்பக்கக் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டுகளாக இருந்தால், அந்தக் கார் 1956க்கு முற்பட்டது. ஒரே வளைந்த கண்ணாடியாக இருந்தால் அதற்குப் பிற்பட்டது. ஆயினும், இத்தடயம் காரின் வயதைத்தான் சொல்கிறது. இயந்திரத்தின் வயதைச் சொல்வதில்லை. சட்டை பழையது என்பதால் சட்டைப்பையில் உள்ள நாணயமும் பழையதாக இருக்க வேண்டும் என்பதில்லையே!

அடுத்து, முன்மூடியைத் திறந்து இயந்திரத்தின் மேற்பகுதியைப் பார்க்க வேண்டும். 918 சிசி இயந்திரத்தில் வால்வுகள் சிலிண்டர்களின் பக்கவாட்டில் உள்ளன. ஆகவே, அதன் தலைப்பகுதி தட்டையாக இருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும். மற்ற இயந்திரங்களில் வால்வுகள் சிலிண்டர்களுக்கு மேலே உள்ளன. அவற்றை மூடும் நீண்ட தகர மூடி ஒன்று உச்சியில் காணப்படும். ஸ்பார்க் பிளக்குகள் பக்கவாட்டில் இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே 918 சிசி இயந்திரத்தைப் பிரித்தறிந்துவிடலாம். ஆனால், 803, 948, 1098 ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெளித்தோற்றத்தில் உடன்பிறந்தவர்களைப் போலவே இருக்கும். நிறமும் உறுதியான சான்றாகாது. தொழிற்சாலையில் புதுப்பிக்கப்பட்டு மாற்றாக விற்கப்பட்ட இயந்திரங்கள் சிலவற்றுக்குப் பொன்னிற வண்ணம் பூசப்பட்டது உண்மைதான். எனினும், ஒரு டப்பா சாயம் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எந்த நிறத்தையும் பூசிவிடலாம்.

மூன்றாவது தடயம் இயந்திர எண். இயந்திரத்தின் வலப்பக்கத்தில், டைனமோவுக்கு மேலே, சிறிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். பல ஆண்டுகளாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால்தான் அதிலுள்ள எழுத்துகள் தெரியும். 803 சிசி இயந்திரத்தின் எண் ‘ஏ.பி.எச்.எம்’ எனத் தொடங்கும். 948 சிசி இயந்திரங்கள் பலவற்றில் ‘9எம்’ என்றும் 1098 சிசி இயந்திரத்தில் ‘10எம்ஏ’ என்றும் தொடக்கம் இருக்கும். இங்கே 9, 10 என்பன கொள்ளளவைக் குறிக்கின்றன. ‘எம்’ என்பது மோரிசைக் குறிக்கிறது. தகட்டில் 12 எனத் தொடங்கினால், அது பெரும்பாலும் 1275 சிசி இயந்திரம். இத்தகடு மிகப் பயனுள்ள சான்று. ஆனால், தகட்டைக் கழற்றி வேறோர் இயந்திரத்தில் பொருத்திவிடவும் முடியும். சில இயந்திரங்களில் தகடே காணாமற்போயிருக்கும்.

ஐயம் தீரவில்லையென்றால் அளந்து பார்ப்பதே வழி. இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றிச் சிலிண்டரின் விட்டத்தையும் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரத்தையும் அளக்க வேண்டும். 948 சிசி இயந்திரத்தில் விட்டம் 62.9 மில்லிமீட்டர், பிஸ்டன் செல்லும் தூரம் 76.2 மில்லிமீட்டர். கணிதப் பாடத்தில் கற்ற உருளையின் கன அளவு இங்கே கைகொடுக்கிறது. ஆரம் 3.145 சென்டிமீட்டர், உயரம் 7.62 சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஓர் உருளையின் கன அளவு ஏறத்தாழ 237 கன சென்டிமீட்டர். நான்கு உருளைகளுக்கும் சேர்த்தால் 948க்கு மிக அருகில் வரும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தேய்ந்த சிலிண்டரைப் பட்டறையில் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது வழக்கம். 1098 சிசி இயந்திரத்தின் விட்டம் 64.58 மில்லிமீட்டர். அதாவது, 948ஐ விட இரண்டு மில்லிமீட்டர்கூட அதிகமில்லை. எனவே, கடைந்து பெரிதாக்கிய 948 சிசி இயந்திரத்தை விட்டத்தை மட்டும் அளந்து 1098 என்று தவறாக முடிவு செய்துவிடக்கூடும். பிஸ்டன் செல்லும் தூரமோ சிலிண்டரைக் கடைவதால் மாறாது. 1098 சிசி இயந்திரத்தில் அது 83.72 மில்லிமீட்டர். இவ்வளவு பெரிய வேறுபாடு உண்மையைத் தெளிவாகக் காட்டிவிடும்.

இத்தனை முயற்சி எதற்கு? முதலாவது, உதிரிப்பாகங்கள். ஓர் இயந்திரத்தின் பிஸ்டன் மற்றோர் இயந்திரத்தில் பொருந்தாது. இரண்டாவது, ஆவணம். வாகனப் பதிவில் உள்ள இயந்திர எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் சிக்கலுக்கு உள்ளாவார். மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாதுகாப்பு. 948 சிசி இயந்திரத்தின் ஆற்றல் 37 குதிரைத்திறன். 1098 சிசி இயந்திரத்தின் ஆற்றல் 48 குதிரைத்திறன். ஆற்றல் கூடியதால் தயாரிப்பாளர்கள் முன்சக்கரப் பிரேக்கை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். பழைய காரில் பெரிய இயந்திரத்தை மட்டும் பொருத்திப் பிரேக்கை மாற்றாமல் விட்டிருந்தால், அந்தக் கார் வேகமாக ஓடும். ஆனால், வேண்டிய இடத்தில் நிற்குமா என்பது ஐயமே. அதனை அறியாமல் ஓட்டுபவருக்கு மட்டுமன்றிச் சாலையில் செல்லும் பிறருக்கும் ஆபத்து.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பர் பெரியோர். காரின் தோற்றம் கண்ணால் காண்பது. விற்பவரின் சொல் காதால் கேட்பது. தகட்டை வாசித்து, அளந்து, கணக்கிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே தீர விசாரிப்பது. ஒரு தடயம் மட்டும் சொல்வதை நம்பாமல், பல தடயங்களும் ஒன்றையே சொல்கின்றனவா எனப் பார்ப்பவரே சரியான முடிவுக்கு வருவார்.

சிந்தித்து விடை எழுதுக

1. காரின் முன்பக்கக் கண்ணாடி இயந்திரத்தைப் பற்றிய உறுதியான சான்றாகாது. ஏன்?
2. சிலிண்டரின் விட்டத்தைவிடப் பிஸ்டன் செல்லும் தூரம் நம்பத்தக்க அளவாக இருப்பதற்குக் காரணம் என்ன?
3. இயந்திரத்தை மட்டும் மாற்றிப் பிரேக்கை மாற்றாமல் விடுவதால் ஏற்படும் விளைவுகளை விளக்குக.